பல்கனியில் ஆறாவது தலைமுறை

லவன் என்ன வேலை செய்கிறான் என்று வெள்ளவத்தையில் யாராவது கேட்டால், அவனுடைய மனைவி ரூபிகா "ஆராய்ச்சி" என்பாள். கேட்டவர்கள் மரியாதைக்காகக் கொஞ்சநேரம் தலையாட்டிவிட்டு, "அது சரி, வேலை?" என்பார்கள்.

வேலையே அதுதான். பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் டெங்கு நுளம்புகளுக்குப் புகைமருந்து அடிப்பது. சாகாமல் தப்பியவற்றை வலைக்கூட்டுக்குள் விட்டு இனம்பெருக்க வைப்பது. பிறக்கிற பிள்ளைகளுக்கு வளர்ந்ததும் மறுபடி மருந்தடிப்பது. மருந்துக்கு மசியாத ஒரு வம்சம் எத்தனை தலைமுறையில் உருவாகும் என்பதுதான் கேள்வி. கலியாணப் புரோக்கருக்கும் தனக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான், புரோக்கர் மாப்பிள்ளைக்கு மருந்தடிப்பதில்லை என்று லவன் சொல்லுவான். இந்தப் பகிடிக்கு ரூபிகா கலியாணமான புதிதில் சிரித்திருக்கிறாள்.

கலாநிதிப் பட்டம் கிடைத்த கையோடு மாமனார் வாசலில் பித்தளைப் பலகை ஒன்று அடித்துக் கொடுத்தார்: டொக்டர் லவன். அதை நம்பி, தொடர்மாடி நிர்வாகக் குழுவின் தலைவர் சிவானந்தன், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழங்கால் வலியோடு வந்து கதிரையில் இருந்துவிட்டார்.

"அங்கிள், நான் நுளம்பு டொக்டர்" என்றான் லவன்.

"அப்ப நுளம்புக்குக் காலில நோ வந்தா உம்மட்டை அனுப்பிவிடுறன்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். அதன்பிறகு லிஃப்டில் கண்டால், ஏமாற்றிச் சரக்கு விற்ற கடைக்காரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

ரூபிகாவுக்குக் கொள்ளுப்பிட்டியில் காப்புறுதிக் கம்பனியில் உத்தியோகம். காலையில் போனால் பின்னேரம் வருவாள். இடையில் யாரும் அவளை அசைக்க முடியாது. லவனுடையது 'நேரம் வசதியான' வேலை. ஆகவே வசதியில்லாத நேரத்தில் வருவதெல்லாம் அவனுடைய தலையில் விழும்: காஸ் சிலிண்டர், குழாய் திருத்துகிறவர், மத்தியானம் நேர்சரி விட்டு வரும் நான்கு வயது மகள் கேஷிகா. ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் வசனத்தை அவன் பலமுறை எழுதியிருக்கிறான். இரண்டாவது வசனத்தில் எப்போதும் நேர்சரி விடும்.

இந்த நிலைமையில்தான் பல்கலைக்கழக ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆய்வுகூடத்துக்கு மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, படலையில் பூட்டு. உள்ளே ஆறாவது தலைமுறை, முட்டையிலிருந்து அப்போதுதான் பொரித்த குடம்பிகளாக, வெள்ளைத் தட்டுகளில் நெளிந்துகொண்டிருந்தது. சாப்பாடு போட ஆளில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை மீளாய்வுக் குழு கூடுகிறது. ஆறாவது தலைமுறையைக் காட்டினால் லவனுடைய ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம் நீளும். காட்டாவிட்டால் இந்த மாதத்தோடு சரி.

காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போய், குடம்பிகளை மூடி போட்ட பிளாஸ்ரிக் பெட்டிகளில் குடும்பத்தோடு தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினான். மடியில் தண்ணீர் தளும்புவதைக் கண்ணாடியில் பார்த்த சாரதி, "மாளுத மாத்தயா?" என்று கேட்டான். மீன்தான் என்று லவன் தலையாட்டினான். விஞ்ஞானிகள் சொல்லும் பொய்களில் அது சின்னப் பொய்.

பெரிய பொய், தன் பேராசிரியைக்குச் சொல்லாமல் கொண்டுவந்தது. சொன்னால் வேண்டாமென்பார். அதனால் சொல்லவில்லை.

பல்கனியில் வலைபோட்டு மூடிய தட்டுகளைப் பார்த்துவிட்டு ரூபிகா ஒரே ஒரு சட்டம் போட்டாள். "இதில ஒண்டு செட்டை முளைச்சு வீட்டுக்குள்ள வந்தாலும், அதோட சேர்ந்து நீங்களும் வெளிய."

"செவ்வாய் வரைக்கும்தான். அதுக்குப் பிறகு வேலைநிறுத்தம் முடிஞ்சிடும்."

"ஆர் சொன்னது?"

"நான்தான். வேறை ஆர் சொல்லுறது?"

அன்று பின்னேரம் கொன்ஸ்ரன்ரைன் தொலைபேசி எடுத்தான். கொட்டாஞ்சேனையில் லவனோடு ஒன்றாகப் படித்தவன். இப்போது அங்கேயே பூச்சி, கறையான், நுளம்பு ஒழிக்கும் கம்பனி நடத்துகிறான். மாதம் தவறாமல் ஒரு தடவை லவனுக்கு வேலை கொடுப்பான்.

"மச்சான், முகாமையாளர் கதிரை இன்னும் சும்மாதான் கிடக்கு. நீ வளக்கிறாய், நான் கொல்லுறன். ரெண்டுபேருக்கும் ஒரே நுளம்புதானே? இஞ்சால வந்தா ஏசி அறை, வாகனம்."

"செவ்வாய்க்கிழமை பாத்துட்டுச் சொல்லுறன்."

"போனமுறையும் ஒரு கிழமையைச் சொன்னாய்."

இந்தமுறை லவன் உண்மையாகவே சொன்னான். செவ்வாய் கைவிட்டால் புதனன்று கொட்டாஞ்சேனைக்குப் போவது என்று தீர்மானித்திருந்தான். ரூபிகாவிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

அது டெங்கு ஒழிப்பு வாரம். நேர்சரியின் எவ்லின் மிஸ், பெற்றோரில் யாராவது வந்து பிள்ளைகளுக்கு விளக்கம் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார். மற்றப் பெற்றோர் எல்லோருக்கும் வேலை இருந்தது. லவன் போனான்.

சர்வதேச மாநாட்டில் பாதி மண்டபம் தூங்க உரை நிகழ்த்தியவன் அவன். ஆனால் அன்று, முழங்கால் உயரக் கதிரையில் குந்திக்கொண்டு, கையில் ஒரு வெறும் யோகட் கப்பை வைத்துக்கொண்டு, வாழ்க்கையிலேயே நல்ல விரிவுரையை ஆற்றினான். இந்தக் கப்பில் மழைத்தண்ணி நிண்டா என்ன வரும்? நுளம்புக் குஞ்சு வரும். நுளம்புக் குஞ்சைக் கண்டா என்ன செய்யோணும்? கப்பைக் கவிழ்த்துக் காட்டினான். பிள்ளைகள் கத்தினார்கள்: "கவிழ்!"

"பூச்சட்டித் தட்டில?"

"கவிழ்!"

"வாளியில?"

"கவிழ்!"

லவன் கை தட்டினான். முன்வரிசையில் கேஷிகா, இவர் என்னுடைய அப்பா என்று பக்கத்துப் பிள்ளைக்கு முழங்கையால் இடித்து இடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாளே பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் முறைப்பாடு வரத் தொடங்கியது. ஒரு வீட்டில் ஊறப்போட்ட உளுந்து கவிழ்ந்தது. இன்னொரு வீட்டில் தகப்பன் ஆறவைத்த தேத்தண்ணி கவிழ்ந்தது. லவன் எல்லாவற்றையும் வாசித்து உள்ளுக்குள் பூரித்தான். அவன் செய்த எந்தப் பரிசோதனையும் இவ்வளவு சுத்தமாக முடிவு காட்டியதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் பேராசிரியை சுபோதினியோடு கணினியில் பேசிக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை எந்த வரைபடத்தை முதலில் காட்டுவது என்ற பேச்சு. கேஷிகாவுக்கு வர்ணப் பென்சில் பெட்டியும் பிஸ்கட்டும் கொடுத்து முன்னறையில் இருத்தியிருந்தான். நல்ல அமைதியாக இருந்தது. பிள்ளை வளர்த்தவர்கள் இந்த இடத்தில் எழுந்து ஓடியிருப்பார்கள். லவன் மூன்றாவது வரைபடத்துக்குப் போனான்.

கதவு திறந்தது. முழங்கால் வரைக்கும் நனைந்த மகள் நின்றாள்.

"அப்பா, பல்கனியில நிறைய நுளம்புக் குஞ்சு."

"ஓம் அம்மா, அது அப்பாவின்..."

"எல்லாம் கவிழ்த்துட்டன்."

அவள் அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேர்சரியில் கை தட்டினானே, அதேபோல் இப்போதும் தட்டுவான் என்று காத்திருந்தாள். லவனுக்கு வாயில் வந்ததெல்லாம் பிள்ளைக்குச் சொல்லக் கூடாதவை. அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கினான். பிறகு இரண்டு கையையும் தூக்கி, சத்தம் வராமல் ஒருமுறை தட்டினான்.

"கெட்டிக்காரி" என்றான்.

"முழுத் தட்டும். வலையை நானே கழட்டினனான்."

"நல்ல கெட்டிக்காரி."

திரையில் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "லவன், பல்கனியில என்ன?"

ஒரு கணம், மீன் என்று சொல்லலாமா என்று நினைத்தான். "மெடம், ஆறாவது தலைமுறை."

"வீட்டுக்குக் கொண்டுபோனனீரோ? ஆரைக் கேட்டு?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

"கேட்டா நான் மறிப்பன் எண்டு தெரியும், என்ன?" அவர் கத்துகிற ஆள் இல்லை, அதுதான் பயம். "மருந்துக்குச் சாகாத சாதியை நீரே உண்டாக்கிப்போட்டு, அதை வெள்ளவத்தையில ஊத்தியிருக்கிறீர். செவ்வாய்க்கிழமையை இப்ப மறவும். அந்தத் தண்ணி எங்க போனது எண்டு பாரும். ஒண்டு விடாமப் பிடியும். பிறகு எனக்குப் போன் எடும்."

லவன் பல்கனிக்கு ஓடினான். தட்டுகள் குப்புறக் கிடந்தன, நேர்த்தியாக, ஒரே வரிசையில். பிள்ளைக்கு ஒழுங்கு தாயிடமிருந்து வந்தது. நிலத்தில் அங்கங்கே நெளிந்தவற்றைத் துடைத்தெடுத்தான். பெரும்பங்கு தண்ணீர் மூலையிலிருந்த குழாயால் இறங்கியிருந்தது. எட்டிப் பார்த்தான். குழாயின் வாய் கீழ்மாடிப் பல்கனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர்கீழே ஒரு பெரிய சீமெந்துத் தொட்டி. தொட்டியில் அல்லி.

கீழ்மாடியில் இருப்பது லுத்பியா ஆன்ட்டி. கணவர் காலமான பிறகு தனியாக, செடிகளோடு வாழ்கிறவர். லவன் மகளையும் இழுத்துக்கொண்டு படியால் இறங்கி மணியை அடித்தான்.

"நீங்கதானா மகன்" என்று கதவைத் திறந்தார். "எங்கட வூட்டுக்கு மட்டும் மழ பேஞ்சிச்சே. என்னாண்டு யோசிச்சிட்டிருந்தேன். உள்ளுக்கு வாங்க. புள்ள நனஞ்சீக்கி, தொடச்சிவிடுங்க."

ஆய்வு, தலைமுறை, தேர்வு என்று லவன் சுற்றிவளைத்துத் தொடங்கினான். பாதியில் கேஷிகா குறுக்கே வந்தாள். "ஆன்ட்டி, அப்பா நுளம்பு வளர்க்கிறவர். நான் உங்கட தொட்டிக்குள்ள ஊத்திட்டன்."

லுத்பியா ஆன்ட்டி லவனைப் பார்த்தார். "டெங்கு நுளம்பா?"

"ஓம், ஆன்ட்டி."

"வேணுமெண்டு வளக்கிறதா?"

"ஓம்."

"ஒங்கட பொஞ்சாதிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சபூர் உள்ள புள்ள அது, நல்ல பொறும" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய், தேத்தண்ணி வடி மூன்றும் ஒரு கண்ணாடிப் போத்தலும் கொண்டுவந்தார். சாறியைச் சொருகிக்கொண்டு தொட்டிக்கருகில் ஒரு பலகைக்கட்டையில் இருந்தார். "நிண்டு பாத்துட்டிருந்தா நுளம்பாகிரும். அள்ளுங்க."

மூன்றுபேரும் அள்ளினார்கள். தொட்டி விளிம்பு கேஷிகாவின் மூக்குக்குச் சரியாக வந்தது. அல்லி இலைக்குக் கீழே ஒளிந்தவற்றை அவள்தான் கண்டாள். இரண்டு மூன்று பிடித்தபிறகு நிறுத்தினாள்.

"அப்பா, குஞ்சைக் கண்டாக் கவிழ்க்கோணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"அப்ப ஏன் இப்ப பிடிச்சுப் போத்தலுக்குள்ள போடுறியள்?"

மீளாய்வுக் குழுகூட இப்படிக் கேட்காது. லவன் வடியைத் தொட்டி விளிம்பில் வைத்தான். "சில நுளம்பு மருந்தடிச்சாலும் சாகாது அம்மா. ஏன் சாகேல்லை எண்டு ஆராவது பக்கத்தில இருந்து பாக்கோணும். அதுக்குக் கொஞ்சத்தை வளர்க்கோணும். அப்பா அதைத்தான் செய்யிறன். மற்ற எல்லாரும் கவிழ்க்கோணும், அப்பா மட்டும் கவிழ்க்கக் கூடாது."

"அதை ஏன் எவ்லின் மிஸ்ஸின்ட வகுப்பில சொல்லேல்லை?"

"மறந்துபோனன்."

"நீங்கள் பிழை விட்டிட்டீங்கள்."

"ஓம்" என்றான் லவன். அந்த நாளில் அவனுக்குத் திட்டவட்டமாகத் தெரிந்த ஒரே விஷயம் அது.

திறந்திருந்த கதவால் சிவானந்தன் எட்டிப் பார்த்தார். டெங்கு வாரத்துக்காக மாடி மாடியாகப் பரிசோதனை செய்துகொண்டு வந்தவர். தொட்டியைச் சுற்றி வடியும் கையுமாக மூன்றுபேர் குந்தியிருப்பதைக் கண்டு அவருடைய முகம் மலர்ந்தது. லவனைப் பார்த்து அப்படி மலர்ந்தது அதுவே முதல்தடவை.

"இதுதான் பொறுப்பு. எல்லா வீட்டுக்காரரும் இப்பிடிச் செய்தா எவ்வளவு நல்லம்" என்று படம் எடுத்தார். லவன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான்.

"மகன், அங்கால ஒண்டு நெளியிது" என்றார் லுத்பியா ஆன்ட்டி. சிவானந்தன் போய்ச் சேரும்வரை அங்கால ஒன்று நெளிந்துகொண்டேயிருந்தது.

தொட்டி ஓய்ந்தபோது போத்தலில் ஒரு சிறு கூட்டம்தான் மிஞ்சியது. இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இதை வைத்துக்கொண்டு எந்தக் குழுவுக்கும் எதையும் நிரூபிக்க முடியாது. லவனுக்குக் கொட்டாஞ்சேனையின் ஏசி அறை கண்ணுக்குள் வந்தது.

லுத்பியா ஆன்ட்டி போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது புதினம் மகன். இந்தத் தொட்டீல எந்த நாளும் மருந்து போட்டுத்தான் ஈக்கி. அந்த மணல் மாதிரி மருந்து, சுகாதாரப் பீ.எச்.ஐ. மாத்தயா தந்தது. முந்தி ஒரு குஞ்சும் இதுல தங்கினதில்ல. ஒங்கடது நல்லா நீந்துதே."

லவன் போத்தலை வாங்கினான். திரும்பக் கேட்டான். "மருந்து எப்ப போட்டது, ஆன்ட்டி?"

"முந்தாநாள்தான். புதுசு."

அவன் ஆறு தலைமுறையாகப் பழக்கியது, பறக்கும் நுளம்புக்கு அடிக்கிற புகைமருந்துக்கு. தண்ணீரில் போடுகிற மணல்மருந்தை இந்த வம்சம் கண்ணாலும் கண்டதில்லை. ஒன்றுக்குப் பழகியது மற்றதற்கும் அஞ்சாமல் போயிருந்தால் அது ஊருக்குக் கெட்ட செய்தி. லவனுக்கு மட்டும் நல்ல செய்தி. தொழில் அப்படி.

பேராசிரியைக்கு எடுத்தான். அவர் சந்தோஷப்படவில்லை. "எவ்வளவு நேரம் தண்ணியில கிடந்தது?"

"ஒரு மணித்தியாலம் வரும், மெடம்."

"ஒரு மணித்தியாலத்தில ஒண்டும் சாகாது. நாளைக் காலமை வரைக்கும் அதே தண்ணியில விடும். பக்கத்தில இன்னொரு போத்தலில, அதே தண்ணியில, சாதாரணக் குடம்பி விட்டுப் பாரும். ஒப்பிட ஒண்டுமில்லாட்டி அது ஆராய்ச்சி இல்லை, கதை." சற்று நிறுத்தி, "போத்தலை நல்லா மூடும்" என்றார்.

சாதாரணக் குடம்பி. லவன் மகளையும் கூட்டிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினான். பூச்சட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பாதி கட்டிய வீட்டின் தண்ணீர்த் தொட்டி, ஒன்று விடவில்லை. எல்லாம் காய்ந்து கிடந்தன. கடற்கரைப் பக்கம்வரை போயும் ஒரு குஞ்சு இல்லை. "எங்கட வகுப்புப் பிள்ளையள் கவிழ்த்திட்டினம்" என்றாள் கேஷிகா, பெருமையாக. வெள்ளவத்தையில் ஒரு விஞ்ஞானிக்கு அவசரத்துக்கு ஒரு நுளம்புக் குஞ்சு இல்லாமல் பண்ணியது அவனுடைய விரிவுரை.

வேறு வழியில்லாமல் கொன்ஸ்ரன்ரைனுக்கு எடுத்தான். "மச்சான், உன்ர வாடிக்கையாளர் ஆற்றையாவது வீட்டில குடம்பி இருக்கோ? சும்மா, சாதாரணக் குடம்பி."

கொன்ஸ்ரன்ரைன் குரலைத் தாழ்த்தினான். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டியே?"

"என்னத்தை?"

"எங்கட ஓபிசுக்குப் பின்னால பழைய டயர் கொஞ்சம் கிடக்கு."

பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். நுளம்பு ஒழிப்புக் கம்பனியின் பின்வளவில், குறுக்குக் கோடு போட்ட பெரிய நுளம்புப் படத்துக்கு நேர்பின்னால், மூன்று டயர் நிறையக் குடம்பி. கொன்ஸ்ரன்ரைன் கழுத்துப்பட்டியோடு குனிந்து நின்று கரண்டியால் அள்ளிக் கொடுத்தான்.

"கவிழ்க்கட்டோ?" என்று கேட்டாள் கேஷிகா.

"அப்பா அள்ளி முடியட்டும். பிறகு மாமாவே கவிழ்ப்பார்" என்றான் லவன்.

கொன்ஸ்ரன்ரைன் அவனைத் தனியே கூப்பிட்டான். "உண்மையைச் சொல்லு. நீ வாறாயோ இல்லையோ?"

"நாளைக்குக் காலமை இந்தப் போத்தலைப் பாத்தாத்தான் தெரியும்."

"போத்தலைப் பாத்து உத்தியோகம் முடிவெடுக்கிறவன் நீ ஒருத்தன்தான்."

ரூபிகா வந்தபோது வட்ஸ்அப்பில் சிவானந்தன் போட்ட படத்தைப் பார்த்திருந்தாள். "முன்மாதிரிக் குடும்பமாம். கந்தோரில நாலுபேருக்குக் காட்டினனான். என்ன நடந்தது?"

லவன் சொன்னான். அவள் கைப்பையைக் கீழே வைக்காமல் முழுவதையும் கேட்டாள். "நல்ல கெட்டிக்காரி" வந்த இடத்தில் சுவரில் சாய்ந்தாள். பிறகு அப்படியே சறுக்கி நிலத்தில் இருந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க லவனுக்குக் கொஞ்சநேரம் எடுத்தது. சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ஓயுமுன் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. "செவ்வாய் சரிவராட்டி கொன்ஸ்ரன்ரைனிட்டைப் போறதெண்டு நினைச்சிருக்கிறன்."

சிரிப்பு நின்றது. "நான் போகச் சொன்னனானோ?"

"சொல்லேல்லை. ஆனா எல்லாப் பாரமும் உம்மட தலையில. நான் பிள்ளையைக்கூட ஒழுங்காப் பாக்கிறேல்லை. நுளம்பையும் ஒழுங்காப் பாக்கிறேல்லை."

"பிள்ளையைப் பாக்கிறியள்" என்றாள் ரூபிகா. "வேறை ஆராவது எண்டா இண்டைக்கு அவளுக்கு அடி விழுந்திருக்கும்." கைப்பையைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினாள். "சலிச்சுப்போய்ப் போறதெண்டாப் போங்கோ. எங்களைச் சாட்டிப் போகாதேங்கோ. பிறகு ஒவ்வொருநாளும் என்ர முகத்தைப் பாத்துப் பெருமூச்சு விடுவியள். அதைக் கேக்க என்னால ஏலாது."

மறுநாள் காலை, ஒரே தொட்டித் தண்ணீர் நிரப்பிய இரண்டு போத்தலையும் சமையலறை யன்னலில் வைத்து மூன்றுபேரும் குனிந்து பார்த்தார்கள். டயர்க் குடம்பிகள் அடியில் நூல் துண்டுகள் போல் கிடந்தன. ஆறாவது தலைமுறை மேலே வந்து வாலால் மூச்செடுத்துவிட்டுத் திரும்ப இறங்கியது, ஒன்றும் நடக்காததுபோல்.

"அருவருப்பா இருக்கு" என்றாள் ரூபிகா. "ஆனா நல்லம், என்ன?"

லவன் அதற்குள் பேராசிரியைக்குத் தொலைபேசி எடுத்துவிட்டான்.

அன்றே பேராசிரியை யாரையோ பிடித்து ஆய்வுகூடத்தின் ஒரு பக்கத்தைத் திறப்பித்தார். மிஞ்சியவற்றை லவன் கையாலேயே கொண்டுபோய்ச் சேர்த்து, அவர் பேசியதையெல்லாம் வாங்கிக்கொண்டு, சனி ஞாயிறு பாராமல் அதே பரிசோதனையை ஒழுங்காக, அளந்த மருந்தில், திருப்பிச் செய்தான். சின்னத் தொகைதான். ஆனால் ஒவ்வொருமுறையும் அதே விடை வந்தது.

செவ்வாய்க்கிழமை நேர்சரிக்கு விடுமுறை. புகை அடிக்கிறார்களாம். ரூபிகாவுக்கு லீவு இல்லை. ஆகவே மீளாய்வுக் குழுவின் முன்னால் லவன் இடது தோளில் தூங்கும் மகளோடும், வலது கையில் ரிமோட்டோடும் நின்றான். பஸ்ஸிலேயே தூங்கிவிட்டாள், கிடத்த இடமில்லை. குழுத் தலைவர் தடித்த கண்ணாடிக்கு மேலால் அந்தக் காட்சியை நெடுநேரம் பார்த்தார். பிறகு பட்டியலைப் பார்த்தார். ஆறாவது தலைமுறையில் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டார்.

லவன் ஒரு நல்ல பதில் தயாரித்து வைத்திருந்தான். 'எதிர்பாராத பராமரிப்பு இழப்பு' என்று அழகாகத் தொடங்கும். தோளில் மகளின் மூச்சு சூடாகக் கழுத்தில் பட்டது.

"வேலைநிறுத்தத்தில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அது என்னுடைய பிழை. நேர்சரியில் தண்ணீரைக் கவிழ்க்கச் சொல்லிக் கொடுத்தேன். மகள் கவிழ்த்துவிட்டாள். அது அவளுடைய பிழை இல்லை" என்றான்.

பேராசிரியை சுபோதினி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவில் ஒருவர் இருமினார். இருமல் அல்ல அது. தலைவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனது எழுத்தில் பதியப்படும் என்றார். பிறகு, அந்த மணல்மருந்துப் படத்தை மறுபடி போடச் சொன்னார். அதன்பின் கேள்விகள் வந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, குழுவினர் மூன்றுபேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மனிதர் சலிப்பாக இருக்கும்போது அப்படிப் பேசமாட்டார்கள் என்று லவனுக்குத் தெரியும். அவன் நின்ற நிலையிலேயே, கை மரத்துப்போக, விடை சொன்னான். தெரியாததைத் தெரியாது என்றான். கொஞ்சமல்ல, நிறையத் தெரியாது என்றான்.

இரண்டு வருடம் தரமுடியாது என்றார்கள். ஒரு வருடம். அதற்குள் புதிய கேள்விக்கு விடை. வீட்டுக்கு ஒரு குடம்பியும் போகக் கூடாது.

பஸ் நிறுத்தத்தில் நின்று ரூபிகாவுக்கு எடுத்தான். மகள் கண்விழித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"என்ன சொன்னவை?"

"ஒரு வருஷம்."

"ரெண்டல்லோ கேட்டனீங்கள்."

"ஓம். பாதிதான் கிடைச்சது."

"அடுத்த வருஷம் இவள் பள்ளிக்கூடம் போயிடுவாள். அப்ப உங்களுக்கு இருந்து எழுத நேரம் வரும்."

"பள்ளிக்கூடமும் மத்தியானம்தானே விடும்."

"மத்தியானத்துக்கு முதல் எழுதுங்கோ" என்றாள் ரூபிகா. "பின்னேரம் வரேக்க கேக் வாங்கியாறன். லுத்பியா ஆன்ட்டிக்கும் ஒரு துண்டு."

பஸ் வந்தது, வழக்கம்போல முழுதாக நிற்காமல். லவனின் ஒரு கையில் கணினிப் பை, மறுகையில் மகளின் தண்ணீர்ப் போத்தலும் சப்பாத்தும். ஏற மூன்றாவது கை வேண்டும். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்த கண்டக்டர் குனிந்து, வா மகளே என்று சிங்களத்தில் கூப்பிட்டுக் கையை நீட்டினான். "எண்ட துவ, எண்ட."

எதைக் கொடுப்பது என்று லவன் யோசிப்பதற்குள் கேஷிகா அந்தக் கையைப் பிடித்து வெறுங்காலோடு தானாக ஏறிவிட்டாள். உள்ளே போய் யன்னலோரம் ஓர் ஆசனத்தைப் பிடித்து, பக்கத்து இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, யாரும் இருக்காமல் காவல் நின்றாள். பஸ் நகரத் தொடங்கியது. லவன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான்.